படம் பார்க்கப் பழகுவோம்

பிள்ளைகள் ஒரு படம் பார்க்கப் போகிறார்கள் என்றால், “நல்ல படமா?” என்று கேட்கிறோம். கொலை உண்டா, களவு உண்டா, ஆபாசம் உண்டா என்று எண்ணிப் பார்க்கிறோம். இக்கேள்விகள் அவசியமானவையே, ஆனால் போதியவை அல்ல. வேதாகமத்திலும் காயின் தன் சகோதரனைக் கொல்கிறான். தாவீது பிறன் மனைவியைக் கவர்கிறான். ஒரு படம் பாவத்தைக் காட்டுகிறதா என்பதோடு, அதை நாம் எப்படி உணரும்படி செய்கிறது என்றும் கேட்க வேண்டும்.

இத்தாலிய நெறியாளர் விற்றோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த “சைக்கிள் திருடர்கள்” என்ற படத்தைப் பாருங்கள். போருக்குப் பிந்திய உரோமை நகரில், வேலையற்றிருந்த அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அதற்குச் சைக்கிள் வேண்டும். மனைவி மரியா படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்கிறாள். வேலையின் முதல் நாளே அது களவு போகிறது. தகப்பனும் சிறுவன் புரூனோவும் நகரெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. ஈற்றில் தகப்பனே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான்.

ஏழாம் கட்டளை இங்கே மீறப்படுகிறது. ஆயினும் படம் களவுக்கு நியாயம் கற்பிக்கவில்லை. அடகுக் கடையில் உயர உயர அடுக்கிய விரிப்புப் பொதிகளைக் காட்டி, இந்த வறுமை ஒரு வீட்டினது மட்டுமல்ல என்று உணர்த்துகிறது. தகப்பன் பிடிபடுவதை மகன் பார்க்கிறான். சைக்கிளின் சொந்தக்காரர் அச்சிறுவனைக் கண்டு இரங்கி, வழக்கின்றி விடுகிறார். தகப்பன் அழுதபடி நடக்க, மகன் அவன் கையைப் பற்றுகிறான். பாவத்தின் பாரமும் மன்னிப்பின் அருமையும் பிரசங்கமின்றியே விளங்குகின்றன. 1995இல் வத்திக்கான் தெரிந்தெடுத்த 45 சிறந்த படங்களுள் இதுவும் ஒன்று.

இனி நாம் வழமையாகப் பார்க்கும் சண்டைப் படத்தை நினையுங்கள். கதாநாயகனைக் கமரா கீழிருந்து நோக்கிப் பெரியவனாக்குகிறது. இசை முழங்குகிறது. அவன் பத்துப் பேரை வெட்டுகிறான், நாம் கைதட்டுகிறோம். வெட்டுண்டவனுக்கும் தாய் உண்டென்று படம் நினைவூட்டுவதில்லை. ஐந்தாம் கட்டளையை மீறுவது இங்கே இனிக்கிறது. போரிலே பிள்ளைகளைப் பறிகொடுத்த மண்ணில் வாழும் நமக்கு இது சிறிய விடயமா?

சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பயன்படுத்துவோர், சிறப்பாக இளைஞர், அதற்குரிய பயிற்சி பெறவேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்டது. இன்று திரை நம் வீட்டுக்குள்ளும் பிள்ளைகளின் கைகளிலும் இருக்கிறது. ஆகவே பயிற்சியையும் வீட்டிலேயே தொடங்கலாம். படம் முடிந்ததும் கால்மணி நேரம் கூடியிருந்து இவற்றைக் கேளுங்கள்:

1. நாம் யார் பக்கம் நின்றோம்? எந்தக் காட்சி, எந்த இசை நம்மை அங்கே நிறுத்தியது?

2. செய்த பிழைக்கு விலை கொடுத்தவர் யார்?

3. ஏழைகள், பெண்கள், வேற்றினத்தார் மனிதராகக் காட்டப்பட்டனரா, கேலிப்பொருளாகவா?

4. படம் சரியென்றதை நம் மனச்சாட்சியும் சரியென்கிறதா?

பெற்றோரே, பிள்ளைகளை முதலில் பேசவிடுங்கள். நீங்கள் கைதட்டிய இடத்தை நீங்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள். “பார்க்காதே” என்ற தடை நீங்கள் அருகில் இருக்கும் வரைதான் காவல் செய்யும். சீர்தூக்கிப் பார்க்கக் கற்ற மனம் நீங்கள் இல்லாத இடத்திலும் காவல் செய்யும்.