ஒன்லைன் படிப்பு: எதற்கு உதவும், எங்கே கவனம் வேண்டும்?



இங்கே பிரித்தானியாவுக்கு வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள் இரண்டு. முதலாவது, "வேலை செய்ய ஏலாது, சும்மா இருக்கிற நேரத்தில் போனில் ஏதாவது படிக்கலாமோ?" இரண்டாவது, ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள் கேட்பது: "சூமில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தால் பிரச்சினையோ?"

முதல் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஓம். இரண்டாவதுக்கு, காசு வாங்கினால், இல்லை. ஏன் என்பதை இந்தப் பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. தூரத்திலிருந்து படிப்பது புதிய விஷயம் அல்ல

ஐசக் பிற்மன் என்ற ஆங்கில ஆசிரியர் 1840இல் சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபால் மூலம் கற்பித்தார். மாணவர்கள் பயிற்சியை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். அதைத் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள்.

1858இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே இருந்து படித்தாலும் தன் சோதனையை எழுதலாம் என்று கதவைத் திறந்தது. 1921இல் கொழும்பில் தொடங்கிய யூனிவர்சிற்றி கொலிஜ் இந்த லண்டன் பட்டத்துக்குத்தான் மாணவர்களைத் தயார்செய்தது. எங்கட தாத்தாமார் காலத்தில் "லண்டன் பி.ஏ." என்று பெயருக்குப் பின்னால் போட்டவர்களில் கனபேர் லண்டனைக் கண்டதே இல்லை. இலங்கையிலேயே படித்துச் சோதனை எழுதியவர்கள் அவர்கள்.

பிரித்தானியாவின் ஓப்பன் யூனிவர்சிற்றி 1969இல் அமைக்கப்பட்டு 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. ரேடியோவும் ரீவியும் அதற்கு வகுப்பறை ஆயின. ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ரியூட்டரும் இருந்தார்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனியுங்கள். பாடம் தபாலில் போனது, ரேடியோவில் போனது. ஆனால் எழுதியதைத் திருத்துவதற்கு எப்போதும் ஒரு ஆள் இருந்தார்.

2. இணையம் எதை மாற்றியது?

2004இல் சல்மான் கான் என்பவர் அமெரிக்காவில் தன் உறவுப் பிள்ளை ஒன்றுக்குத் தூரத்திலிருந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2006இல் அந்தப் பாடங்களை யூரியூப்பில் போட்டார். கான் அக்கடமி அப்படி வளர்ந்தது. அதே 2006இல் ஓப்பன் யூனிவர்சிற்றி ஓப்பன்லேர்ன் என்ற இலவசப் பாடத் தளத்தைத் திறந்தது. 2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை எல்லோருக்கும் திறந்துவிட, 1,60,000 பேர் அளவில் பதிந்தார்கள். 2012இல் கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்கள் வந்தன. வகுப்பறையின் காலம் முடிந்துவிட்டது என்றுகூட அப்போது சிலர் சொன்னார்கள்.

நடந்தது வேறு. ஹார்வர்டும் எம்.ஐ.டியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. 2017–18இல் பதிந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 100க்கு ஏறக்குறைய 3 பேர். மற்றவர்கள் எல்லோரும் கெட்டித்தனம் இல்லாதவர்களா? இல்லை. பலர் சும்மா பார்க்கப் பதிந்தவர்கள். மற்றவர்களுக்கு வேலை, வீடு, களைப்பு. "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இல்லாத வகுப்பை விட்டுப்போவது மிகவும் லேசு.

3. 2020 கற்பித்த பாடம்

2020 மார்ச்சில் கொரோனாவால் இலங்கையிலும் பிரித்தானியாவிலும் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் போயின. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் ஓக் நஷனல் அக்கடமி என்ற இலவசப் பாடத் தளம் தொடங்கியது. அரசாங்கம் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட லப்ரொப், ரப்லெட்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. இலங்கையில் சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலையிலும் மரத்திலும் ஏறியதைச் செய்திகளில் பார்த்தோம்.

வீட்டில் கொம்பியூட்டர், அமைதியான இடம், பக்கத்தில் இருந்து உதவ ஒரு பெரியவர், இந்த மூன்றும் இருந்த பிள்ளைகள் சமாளித்தார்கள். இல்லாதவர்கள் பின்தங்கினார்கள். ஒரு ஹொட்டேல் அறையில் நாலு பேராக இருக்கிற உங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: பாடத்தை இணையம் தரும். திருத்தத்தை மனிதரிடம்தான் தேட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பலன்.

4. காத்திருக்கும் காலத்தில் நீங்கள் படிப்பது எப்படி?

முதலில் உங்கள் பெயில் 201 கடிதத்தை எடுத்து வாசியுங்கள். உங்கள் நிபந்தனைகள் அதில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலானோருக்குப் படிக்கத் தடை இல்லை. சிலருக்குத் தடை போடப்பட்டிருக்கலாம். "படிக்கக் கூடாது" என்ற நிபந்தனை இருந்தால் எந்த வகுப்பிலும் சேர முன்னர் லோயரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, ஆங்கில வகுப்பில் பதியுங்கள். இங்கே இதை ஈசோல் என்பார்கள். இங்கிலாந்தில் அகதி விண்ணப்பம் கொடுத்து 6 மாதம் முடிவில்லாமல் போனால், அரசாங்கப் பணத்தில் நடக்கும் கொலிஜ் வகுப்புகளில் பொதுவாகச் சேரலாம். ஸ்கொட்லாந்து, வேல்ஸில் விதி வேறு. 6 மாதத்துக்கு முன்னரும் உதவி அமைப்புகளும் சில நூலகங்களும் நடத்தும் இலவச வகுப்புகள் உண்டு. 6 மாதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, ஒன்லைனில் ஒரு நேரத்தில் ஒரு பாடம் மட்டும் எடுங்கள். ஆங்கிலத்துக்கு பிபிசி லேர்னிங் இங்கிலிஷ், பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலிஷ் ஆகியவற்றில் நல்ல இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு ஓடுமென்றால் ஓப்பன்லேர்னில் உங்கள் துறையைச் சேர்ந்த சின்னப் பாடம் ஒன்றைப் பாருங்கள்.

நான்காவது, ஒரு கொப்பி வைத்திருங்கள். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் அதே நேரம். பார்த்த பாடத்தில் இருந்து ஐந்து வசனம் கையால் எழுதுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஈசோல் ரீச்சரிடமோ எங்கள் தொண்டர்களிடமோ காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். சட்ஜிபிடி போன்றவற்றிடம் ஒரு வசனம் ஏன் பிழை என்று கேட்டுப் பழகலாம். ஆனால் உங்களுக்காக அதை எழுதச் சொல்லி ரீச்சரிடம் கொடுத்தால், ரீச்சர் திருத்துவது அதன் ஆங்கிலத்தை. உங்களுடையது அப்படியே இருக்கும். உங்கள் வழக்குப் பேப்பர்களையும் சொந்த விபரங்களையும் அதில் போடவே வேண்டாம்.

ஐந்தாவது, டேற்றாக் காசு. நூலகத்தில் கொம்பியூட்டரும் வைஃபையும் பொதுவாக இலவசம். நஷனல் டேற்றாபாங் என்ற திட்டம் 2021இல் தொடங்கியது. அதில் சேர்ந்த உள்ளூர் அமைப்புகள் மூலம் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச சிம் கிடைக்கும். உங்கள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று எங்களிடம் கேளுங்கள்.

5. எல்லாச் சேர்ட்டிபிக்கற்றும் ஒன்றல்ல

பேஸ்புக்கில் "நூறு பவுண் கோர்ஸ் இன்று ஐந்து பவுண்" என்று விளம்பரம் வரும். முடித்தால் அழகான சேர்ட்டிபிக்கற் ஒன்றும் வரும். அதைக் காட்டி வேலை எடுக்கலாம் என்று நம்பி உதவிப்பணத்தைச் செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளுங்கள். ஓப்பன்லேர்ன் தருவது நீங்கள் பாடத்தில் பங்குபற்றியதற்கான சான்று. அது இலவசம், நல்லது, உங்கள் முயற்சியைக் காட்டும். ஆனால் அது தகுதிப் பத்திரம் அல்ல. இங்கிலாந்தில் கண்காணிக்கப்படும் தகுதிகள் ஒஃப்குவல் என்ற அமைப்பின் பதிவேட்டில் இருக்கும். காசு கட்ட முன்னர் கோர்ஸின் பெயரை அந்தப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். "லெவல் 3" என்று விளம்பரத்தில் எழுதியிருப்பது மட்டும் போதாது.

பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை, முடிவுக்குக் காத்திருப்பவர்களிடம் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணமே கேட்பார்கள். மாணவர் கடனும் பொதுவாகக் கிடையாது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் சாங்சுவரி ஸ்கொலர்ஷிப் என்ற பெயரில் அகதிகளுக்கும் அகதி விண்ணப்பதாரருக்கும் உதவித்தொகை கொடுக்கின்றன. இடங்கள் குறைவு, முடிவுத் திகதி கடுமை. முன்கூட்டியே தேடுங்கள்.

6. பிள்ளைகளுக்கு

5 வயது முதல் 16 வயது வரை உங்கள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் உரிமை உண்டு. உங்கள் விசா நிலை அதற்குத் தடை அல்ல. இடத்துக்குக் கவுன்சிலிடம் விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்கும்வரை ஓக் நஷனல் அக்கடமி, பிபிசி பைற்சைஸ் இரண்டிலும் வகுப்பு வாரியாக இலவசப் பாடங்கள் இருக்கின்றன. கணக்கில் இருந்து தொடங்குங்கள், பாஷை குறைவாக இருந்தாலும் பிள்ளை பின்தொடரும். ஆனால் "ஒன்லைனில் படிக்கிறான்தானே" என்று பள்ளிக்கூட விண்ணப்பத்தைப் பிந்த விடாதீர்கள். கூட்டாளிமாரும் விளையாட்டு மைதானமும் போனில் இல்லை.

7. ஆசிரியராக இருந்தவர்களுக்கு

முதலில் கடுமையான விஷயம். வேலை அனுமதி இல்லாதவர் காசுக்குச் சூமில் ரியூசன் கொடுப்பதும் வேலைதான். பிள்ளை கனடாவில் இருந்தாலும், காசு ஊரில் உள்ள தம்பியின் கணக்குக்குப் போனாலும், நீங்கள் இங்கே இருந்து செய்கிறீர்கள். 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் வேலை செய்வது குற்றம். உங்கள் உதவிப்பணமும் வழக்கும் பாதிக்கப்படலாம். 12 மாதத்துக்கு மேல் உங்கள் பிழையின்றி முடிவு பிந்தினால் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் எல்லா வேலையும் செய்ய ஏலாது. சுயதொழிலும் ஏலாது, ரியூசனும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும்.

மைத்துனரின் பிள்ளைக்குச் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுப்பது குடும்ப உதவி. காசோ பொருளோ வாங்கினால் கதை வேறு.

ஒன்லைன் ரியூசன் ஆசிரியர் தொழிலை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். கொரோனாவுக்குப் பின் பின்தங்கிய பிள்ளைகளுக்காக இங்கிலாந்து அரசாங்கம் 2020இல் ஒரு ரியூசன் திட்டம் தொடங்கியது. அது 2024இல் முடிந்தது. அதில் ஒரு நிறுவனம் இலங்கையில் இருந்த இளம் ரியூட்டர்களைக்கொண்டு இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்ததும், சிலருக்கு மணித்தியாலத்துக்கு 2 பவுணுக்கும் குறைவாகக் கொடுத்ததும் 2021 மார்ச்சில் பத்திரிகைகளில் வந்தன. பாடத்தை எங்கேயிருந்தும் கொடுக்கலாம் என்றால், எங்கே மலிவோ அங்கே அது போகும். இப்போது செயற்கை நுண்ணறிவும் அந்த வரிசையில் நிற்கிறது.

அப்படியென்றால் ஆசிரியருக்கு மதிப்பு இல்லையா? இருக்கிறது. பாடத்தைச் சொல்வது மலிந்துவிட்டது. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து, விளங்கவில்லை என்று கண்டுபிடித்து, வேறு வழியில் சொல்வது மலியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நாற்பது பிள்ளைகளை வைத்துச் சமாளித்த உங்களிடம் அது இருக்கிறது. அதை விட்டுவிடாமல் வைத்திருக்க இப்போதே செய்யக்கூடியவை:

- பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் தொண்டராகச் சேரலாம். வீட்டுப்பாட உதவி வகுப்புகளுக்கு ஆள் தேவைப்படும். பயண, சாப்பாட்டுச் செலவை மட்டும் வாங்கலாம், சம்பளம் கூடாது. பிள்ளைகளோடு வேலை என்பதால் டிபிஎஸ் என்ற பின்னணிச் சோதனை கேட்பார்கள்.

- உங்கள் சேர்ட்டிபிக்கற்றுகளைச் சேர்த்து வையுங்கள். வெளிநாட்டுத் தகுதியை இங்குள்ளதோடு ஒப்பிட்டுக் கடிதம் தருவது யூகே ஈனிக். 2021க்கு முன்னர் இதன் பெயர் நாரிக். கட்டணம் உண்டு, ஆகவே தேவை வரும்போது மட்டும் எடுங்கள்.

- பத்திரம் தொலைந்திருந்தால் தூதரகத்துக்கோ ஊரில் உள்ள திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ நீங்களாக எழுத வேண்டாம். அந்த அரசாங்கத்துக்குப் பயந்து வந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். முதலில் லோயரிடம் கேளுங்கள். உறவினரை அனுப்ப முன்னரும் கேளுங்கள், அவர்களின் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும்.

- அகதி அந்தஸ்து கிடைத்தபின் வேலை செய்யலாம். பலர் வகுப்பறை உதவியாளராகத் தொடங்குவது வழக்கம். முழு ஆசிரியராக வர கியூ.ரி.எஸ் என்ற தகுதி பெரும்பாலும் தேவை. 2023 முதல் வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இதற்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கும் முறை இங்கிலாந்தில் இருக்கிறது. எந்த நாட்டில் தகுதி பெற்றீர்கள் என்பதைப் பொறுத்து நிபந்தனை மாறும்.

8. உங்களுக்கான பயிற்சி

கொப்பியில் பதில் எழுதுங்கள்.

1. என் பெயில் 201 கடிதத்தில் படிப்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது?
2. அகதி விண்ணப்பம் கொடுத்த திகதி என்ன? அதிலிருந்து 6 மாதம், 12 மாதம் எந்தத் திகதிகளில் முடிகின்றன?
3. இந்த மாதம் நான் எடுக்கப்போகிற ஒரே ஒரு பாடம் எது?
4. நான் எழுதியதைத் திருத்தப்போகிறவர் யார்?

நாலாவது கேள்விக்குப் பதில் எழுத ஆள் இல்லையென்றால் கொப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் ஆலோசனை நேரத்துக்கு வாருங்கள். பெயில் கடிதத்தையும் கொண்டுவாருங்கள், இருந்து சேர்ந்து வாசிப்போம். விதிகள் அடிக்கடி மாறுகிறபடியால், முக்கியமான எதையும் செய்ய முன்னர் உங்கள் லோயரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.