தெளிந்ததெல்லாம் நல்ல தண்ணீரா?

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடுகளிலும் கோவை, பொள்ளாச்சிப் பக்கத் தோப்பு வீடுகளிலும் நீச்சல் குளம் இப்போது அதிசயமில்லை. கட்டித் தருகிறவர் பம்ப்பை ஓட்டிக் காட்டி, ஒரு டப்பா குளோரினையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதன் பிறகு வீட்டுக்காரருக்குக் கிடைப்பது ஆளுக்கொரு யோசனைதான். கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் செய்ததையே இதற்கும் செய்யச் சொல்வார்கள். அவற்றில் எது சரி, எது வம்பு என்று பார்ப்போம்.

நம்பிக்கை: அடித்தரை பளிச்சென்று தெரிந்தால் தண்ணீர் சுத்தம்.

உண்மை: தண்ணீரைத் தெளிவாக்குவது ஃபில்டர், கிருமியைக் கொல்வது குளோரின். ஃபில்டர் நன்றாக ஓடினால், குளோரின் தீர்ந்துபோன தண்ணீர்கூட ஓரிரு நாள் தெளிவாகவே இருக்கும். மூளையைத் தாக்கும் நேக்லேரியா அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குளோரின் குறைந்த நீச்சல் குளமும் அதற்கு ஏற்ற இடமே. 2024-ல் கேரளத்தில் குழந்தைகள் அந்த நோய்க்குப் பலியான செய்தியை மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே டெஸ்ட் கிட் இல்லாமல் குளம் பராமரிக்க முடியாது. வேலை செய்யும் நிலையிலுள்ள குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். வரை இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து, வேலை செய்யும் குளோரினையும் வேலை முடிந்து கிடப்பதையும் சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்பாக மாறும் டி.பி.டி. கிட் இரண்டையும் பிரித்துக் காட்டும். தண்ணீரை மேலாக அள்ளாமல், முழங்கை ஆழத்தில் எடுங்கள். குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு ஒரு கணம் தோன்றி வெளுத்துவிடும். அதைப் பார்த்து ‘குளோரினே இல்லை’ என்று இன்னும் கொட்டுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைச் சம அளவு கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

நம்பிக்கை: குளோரின் வாடை தூக்கலாக அடித்தால் அளவு அதிகமாகிவிட்டது.

உண்மை: பெரும்பாலும் நேர்மாறு. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் கலக்கும்போது குளோரமைன் உண்டாகிறது. மூக்கைத் துளைக்கும் வாடைக்கும் கண் எரிச்சலுக்கும் முக்கியக் காரணம் அதுதான். இருக்கிற குளோரின் போதவில்லை என்பதே அதன் பொருள். தீர்வு, பொழுது சாய்ந்தபின் குளோரினைத் தூக்கலாகப் போட்டு, அளவு இறங்கும்வரை யாரையும் இறங்கவிடாமல் இருப்பது. குளிக்கும் முன் எல்லோரும் ஒருமுறை உடம்பைக் கழுவிக்கொண்டு வந்தால் பாதிப் பிரச்சினை வராது. சிறுநீர் கழித்தால் தண்ணீரின் நிறத்தை மாற்றிக் காட்டிக்கொடுக்கும் மருந்து உண்டு என்று பிள்ளைகளை மிரட்டுவார்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது.

நம்பிக்கை: குளோரின் சரியாக இருந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம்.

உண்மை: பி.எச். கெட்டுப்போனால் குளோரின் இருந்தும் பயனில்லை. பி.எச். 7.2-ல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குளோரின் வீரியமான நிலையில் இருக்கும், 7.5-ல் பாதி; 8-ல் கால் பங்குதான். நம் போர் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கூடியது. புதுச் சிமெண்ட் பூச்சும் பி.எச்.சை ஏற்றிவிடும். அதனால் ஆசிட் தேவைப்படுவது சகஜம். முதலில் பி.எச்.சை 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் கொண்டுவந்துவிட்டுப் பிறகு குளோரின் போடுங்கள். இரண்டையும் ஒருசேரக் கொட்டினால் விஷவாயு கிளம்பும்.

நம்பிக்கை: ஒரு கிண்ணம், இரண்டு கிண்ணம் என்று கைக்கணக்கே போதும்.

உண்மை: கணக்கு கடினமில்லை. 20 அடி நீளம், 10 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் என்றால் 800 கன அடி. அதை 28.3-ஆல் பெருக்கினால் சுமார் 22,600 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்பது 1 பி.பி.எம். ஆக, 1 பி.பி.எம். கூட்ட 22.6 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதக் குருணை என்றால் சுமார் 35 கிராம். 30 சதவீதப் பிளீச்சிங் பவுடர் என்றால் 75 கிராம். பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நம்பிக்கை: பாசிக்கு மயில்துத்தம், கலங்கலுக்குப் படிகாரம், கதை முடிந்தது.

உண்மை: மயில்துத்தம் பாசியை அடக்கும்; ஆனால் குளோரின் செய்யும் வேலையை அது செய்யாது. அதிலுள்ள தாமிரம் சுவரில் கறையாகப் படியும். வெளுத்த முடி பச்சை பாரிப்பதற்குக் குளோரினைக் குறை சொல்வார்கள். உண்மையில் அது தாமிரத்தின் வேலை. படிகாரம் அழுக்கைத் திரட்டி அடியில் தள்ளும், கிருமியைக் கொல்லாது. திரண்ட அழுக்கை ஃபில்டருக்கு அனுப்பாமல் வேக்யூம் வைத்து நேராக வெளியே தள்ள வேண்டும். பாசி பிடித்தால் முதல் மருந்து தேய்ப்பான்தான். சுவரையும் மூலைகளையும் நன்றாகத் தேய்த்துவிட்டு, குளோரினை ஏற்றி, பம்ப்பை இரவும் பகலும் ஓட்டுங்கள்.

நம்பிக்கை: மாத்திரையை மிதக்கவிட்டால் மாதக்கணக்கில் கவலையில்லை.

உண்மை: பெரும்பாலான மாத்திரைகளில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. அது வெயிலில் குளோரினுக்குக் குடை பிடிப்பது போன்றது. அது இல்லாவிட்டால் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே பாதிக் குளோரின் போய்விடும். 30 முதல் 50 பி.பி.எம். வரை இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் தீர்ந்தாலும் இந்த அமிலம் தீராது. மாத்திரை வழியாக 10 பி.பி.எம். குளோரின் சேரும்போது இதுவும் சுமார் 6 பி.பி.எம். கூடுகிறது. நூறைத் தாண்டினால் குளோரின் மந்தமாகிவிடும். கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. மாத்திரையையும் குருணையையும் ஒரே வாளியிலோ ஒரே கரண்டியாலோ புழங்காதீர்கள். இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

நம்பிக்கை: உப்புத் தண்ணீர்க் குளத்தில் குளோரின் இல்லை.

உண்மை: இருக்கிறது. உப்பை மின்சாரத்தால் பிரித்து அங்கேயே குளோரின் தயாரிக்கும் கருவிதான் அது. உப்பின் அளவு சுமார் 3,000 பி.பி.எம்.; கடல்நீரில் 35,000. சோதனையிலிருந்து இதற்கும் விலக்கில்லை, பி.எச். அடிக்கடி ஏறும்.

நம்பிக்கை: வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் காலி செய்து கழுவ வேண்டும்.

உண்மை: தொட்டி கழுவுகிற பழக்கத்தை இங்கே கொண்டுவருவது ஆபத்து. மேலே சொன்ன குளத்தில் நிற்கும் தண்ணீரின் எடை 22 டன்னுக்கும் மேல். அந்தப் பாரம்தான் குளத்தை மண்ணுக்குள் அழுத்தி வைத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது காலி செய்தால், அடியிலிருந்து வரும் அழுத்தம் தரையைப் பிளக்கலாம். சில சமயம் குளத்தையே தூக்கிவிடும். கடற்கரை ஓர மனைகளில் இது இன்னும் அதிகம். பராமரிப்பு சரியாக இருந்தால் அதே தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

வழக்கமான வேலை இவ்வளவுதான்: வாரத்தில் இரண்டு மூன்று முறை சோதனை, ஒருமுறை சுவர் தேய்ப்பு, பிரஷர் கேஜ் வழக்கத்தைவிட 8 அல்லது 10 பி.எஸ்.ஐ. ஏறும்போது பம்ப்பை நிறுத்தி வால்வைத் திருப்பி ஒரு பேக்வாஷ். இதற்கெல்லாம் ஆள் வைத்திருக்கிறீர்களா? அவரிடம் என்ன போட்டார் என்று கேட்பதைவிட, போடும் முன் அளவு எத்தனை இருந்தது என்று கேளுங்கள். நோட்டில் எழுதிய எண் இல்லையென்றால், அவரும் நம்பிக்கையை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.