மொட்டைக் கடித்தது யார்?

ரோஜாத் தொட்டி உள்ள வீட்டில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. மொட்டு கருகுகிறது என்று வாய்விட்டால் போதும். எதிர்வீட்டுக்காரர் வேப்பெண்ணெய் என்பார், மாமியார் அடுப்புச் சாம்பல் என்பார், நர்சரிக்காரர் லேபிள் இல்லாத பாட்டில் ஒன்றை நீட்டுவார். கடித்தது யார் என்று மட்டும் மூவரும் கேட்க மாட்டார்கள். மொட்டைக் கெடுப்பவற்றில் சாறு உறிஞ்சுவது உண்டு, சுரண்டுவது உண்டு, துளைப்பது உண்டு, மேய்வது உண்டு. ஒன்றைக் கொல்லும் மருந்து இன்னொன்றுக்கு உறைப்பதே இல்லை. ஆகவே மருந்து பற்றிய நம்பிக்கைகளைவிட, ஆள் பற்றிய தவறான நம்பிக்கைகளைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: எறும்புதான் மொட்டைத் தின்கிறது

உண்மை: மொட்டுக்காம்பைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். பச்சையாகவோ செம்பழுப்பாகவோ கடுகளவுப் பூச்சிகள் நெருக்கமாக அப்பிக்கொண்டிருந்தால் அது அசுவினி. தேவைக்கு மேல் சாற்றை உறிஞ்சி, மிஞ்சியதை இனிப்பு நீராகக் கழிக்கும் பூச்சி இது. அந்த இனிப்புக்குத்தான் எறும்பு வரிசைகட்டுகிறது. பதிலுக்கு, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டியும் விடுகிறது. எறும்பைத் தடுப்பது நல்லதுதான். ஆனால் எறும்புப் பொடி தூவியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் அசுவினி அப்படியே இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் பெண் அசுவினிக்கு ஆண் துணை தேவையில்லை. முட்டையும் இடாது, நேரே குஞ்சு ஈனும். பிறக்கும் குஞ்சின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும்.

இதற்கு மருந்தே வேண்டாம். காலையில் குழாயில் விரலை அழுத்தி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, மொட்டையும் இலையின் அடிப்பக்கத்தையும் கழுவுங்கள். தொடர்ந்து சில நாட்கள் செய்தால் கூட்டம் கலைந்துவிடும். கீழே விழுந்ததில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. எறும்பைத் தடுக்க, சர்க்கரை டப்பாவை வைப்பதுபோல் தொட்டியின் ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தலாம். கொசு வளராமலிருக்க அந்தத் தண்ணீரில் துளி சோப்பு விடுங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை போல ஒன்று ஊர்ந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது பொறிவண்டின் புழு. வண்டாக மாறுவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

நம்பிக்கை: மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் சத்துக் குறைவு

உண்மை: இந்த ஒரு நம்பிக்கையால் ரோஜாத் தொட்டிகளில் கொட்டப்படும் டீத்தூளுக்கும் முட்டை ஓட்டுக்கும் வாழைப்பழத்தோல் தண்ணீருக்கும் அளவே இல்லை. இதழ் ஓரம் பழுப்பாகி, மொட்டு கோணிக்கொண்டு, பாதி விரிந்தும் விரியாமலும் நின்றால் முதல் சந்தேகம் இலைப்பேன் மேல்தான் விழ வேண்டும். விவசாயிகள் ‘த்ரிப்ஸ்’ என்பார்கள். நீளம் 1 முதல் 2 மில்லிமீட்டர் என்பதால் சும்மா பார்த்தால் தெரியாது. வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் மொட்டைத் தட்டுங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ கோடு கோடாக ஏதாவது நகர்ந்தால் ஆள் பிடிபட்டுவிட்டது. மாடித்தோட்டத்தில் மிளகாய்ச் செடி இலை சுருண்டு நிற்கிறதா? அதைச் சுருட்டும் இலைப்பேன் இனமே ரோஜாவுக்கும் வரும். இரண்டு தொட்டிகளையும் தள்ளி வையுங்கள்.

இதை ஒழிப்பது கடினம் என்பதற்குக் காரணம் அதன் வாழ்க்கை முறை. முட்டையைச் செடியின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. குஞ்சுகள் இதழ் மடிப்புக்குள் ஒளிந்து சுரண்டுகின்றன. பிறகு பெரும்பாலானவை மண்ணிலோ உதிர்ந்த சருகிலோ இறங்கிக் கூட்டுப்புழுப் பருவத்தைக் கழித்துவிட்டு மேலே வருகின்றன. நீங்கள் தெளிக்கும் எதுவும் ஒரே தடவையில் இந்த மூன்று இடங்களையும் எட்டாது. கெட்ட மொட்டைக் காம்போடு கிள்ளிக் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். உரக்குழியில் போட வேண்டாம். உதிர்ந்த இதழ்களைத் தொட்டி மண்ணில் விட்டுவைக்காதீர்கள். பசை தடவிய நீல அட்டை ஒன்றைச் செடி உயரத்தில் கட்டினால் பறக்கும் இலைப்பேன்களில் ஒரு பகுதி ஒட்டும். தெளிப்பதானால் வாரம் ஒன்றாக மூன்று முறையாவது தெளிக்க வேண்டும்.

டீத்தூள் பூச்சியைக் கொல்லாது. தழைச்சத்தைக் கொட்டித் தளிரைப் பெருக்கினாலோ சாறுண்ணிகளுக்குக் கொண்டாட்டம். மழைக்குப் பிறகு வெளி இதழ்கள் ஒட்டிக்கொண்டு மொட்டு அழுகினால், அது ஈரமும் பூஞ்சையும் செய்த வேலை. பூச்சி மருந்து அடித்துப் பயனில்லை.

நம்பிக்கை: வேப்பெண்ணெய் எல்லாப் பூச்சியையும் கொல்லும்

உண்மை: வேப்பெண்ணெய் நல்ல பொருள், அதைச் சர்வரோக நிவாரணி ஆக்கியதுதான் தவறு. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் குறைக்கும், இளம் பூச்சி தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். தெளித்த மறுநாள் பூச்சிகள் செத்துக் கிடக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். வளர்ந்த வண்டை அது பெரிதாக அசைக்காது. வெயில் பட்டால் சில நாட்களில் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில் தெளிப்பதும், திரும்பத் தெளிப்பதும் அவசியம்.

பலர் சறுக்குவது கலக்கும்போதுதான். வெறும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். கடைசிச் செடிக்கு முழு எண்ணெயும் போய்ச் சேர்ந்து இலை கருகும். 5 மில்லி எண்ணெயில் முதலில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலை விட்டுக் குழைத்து, பிறகு 1 லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பால் போல் வரும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலையைச் சுட்டுவிடும். கடையில் விற்கும் வேம்பு மருந்துகளில் 1,500 பிபிஎம் என்றும் 10,000 பிபிஎம் என்றும் வீரியம் மாறும். ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது. லேபிளைப் படியுங்கள்.

நம்பிக்கை: மொட்டில் ஓட்டை என்றால் வண்டு

உண்மை: சில நேரம் ஆமாம். வட்டமாக ஒரே துளை, பக்கத்தில் ஈரமான எச்சம் என்றால் பச்சைக் காய்ப்புழு. தக்காளி, துவரை, பருத்தி என்று நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளில் மேயும் அதே புழுதான். தலையை மொட்டுக்குள் நுழைத்து உடலை வெளியே வைத்துத் தின்னும். ஒரு மொட்டோடு நிற்காமல் அடுத்ததற்குப் போகும். கையால் எடுத்துவிடுவதே சிறந்த வழி. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து இளம் புழுவுக்குப் பலன் தரும். அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது.

இதழ்கள் ஒழுங்கின்றிக் கிழிந்து மேயப்பட்டிருந்தால்தான் வண்டு. கோடை மழைக்குப் பின் இருட்டியதும் வரும் வண்டுகளும் உண்டு. பகலில் பூவுக்குள் தலையைப் புதைத்திருக்கும் பூ வண்டுகளும் உண்டு. டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் டப்பாவில் தட்டிவிட்டால் போதும். ஓசூர் பசுமைக்குடில்களில் மொட்டு பருக்கட்டும் என்று வலைத்தொப்பி மாட்டுவார்கள். நாலு மொட்டு விடும் வீட்டுச் செடிக்கு மெல்லிய வலைப்பை கட்டினால் புழுவும் வண்டும் அண்டாது. இலைப்பேனுக்கு அந்த வலை ஒரு பொருட்டே அல்ல.

நம்பிக்கை: இயற்கை மருந்தால் கெடுதல் இல்லை

உண்மை: புகையிலைக் கஷாயத்தை எடுத்துக்கொள்வோம். இயற்கைதான். ஆனால் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும் நஞ்சு. பூச்சிமருந்தாக நிக்கோட்டின் சல்ஃபேட்டைப் பயன்படுத்த இந்தியாவில் தடை உண்டு. புகையிலை தொட்ட கையோடு தக்காளியையும் மிளகாயையும் தொட்டால் தேமல் வைரஸ் பரவவும் வழியுண்டு. இலைப்பேனுக்குப் பேர்போன ஸ்பினோசாட்டும் மண் பாக்டீரியா தந்ததுதான். 1982-ல் கரீபியன் தீவு ஒன்றில், கைவிடப்பட்ட ரம் ஆலை மண்ணில் அந்த பாக்டீரியா கிடைத்தது. தெளித்த ஈரம் காயும் வரை ஸ்பினோசாட் தேனீக்கு நஞ்சு. பன்னீர் ரோஜா இதழில் குல்கந்து போடுகிறவர்கள் எந்த மருந்தானாலும் யோசித்தே தெளிக்க வேண்டும்.

நம்பிக்கை: பக்கத்தில் சாமந்தி வைத்தால் பூச்சி அண்டாது

உண்மை: துலுக்கச் சாமந்திக்கு இலைப்பேனும் வரும், காய்ப்புழுவும் வரும். தக்காளி வயலில் அதைப் பொறிப்பயிராக நடுவதே புழு அதைத் தேடி வரும் என்பதால்தான். வந்த புழுவைப் பொறுக்காமல் விட்டால் அதுவே ரோஜாவுக்குப் பண்ணையாகும்.

நம்பிக்கை: இலை ஓரத்தில் அரைவட்ட வெட்டு, அடுத்து மொட்டுதான்

உண்மை: பிளேடால் அறுத்ததுபோல் சீரான அரைவட்டமென்றால் இலைவெட்டித் தேனீ. கூடு கட்டத் துண்டு எடுத்துப்போகும். மொட்டைத் தொடாது, பக்கத்துக் காய்கறிச் செடிகளுக்கு மகரந்தச் சேர்க்கையும் செய்யும். அதற்கு மருந்து தேடாதீர்கள்.