தேடுபவரின் முதல் பக்கம்

நூலைக் கையில் எடுத்ததும் முன்னுரையைத் தாண்டி முதல் அத்தியாயத்திற்குச் சென்றுவிடுவது பெரும்பாலோரின் வழக்கம். கதை நூல்களில் அதனால் பெரிய இழப்பு ஏதும் இல்லை. ஆனால் ஒருவர் தம் இறைநம்பிக்கையையும் வாழ்வையும் பிறர் முன் எடுத்து வைக்கும் நூலுக்கு முன்னுரையே வாசல். எந்த மனநிலையோடு உள்ளே வரவேண்டும் என்பதை அதுவே உணர்த்துகிறது. வாசலைக் கவனியாது நுழைந்தவர் உள்ளே இருப்பதைப் பிழையாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. மகாத்மா காந்தியின் ‘சத்திய சோதனை’ இதற்குத் தக்க சான்று.

தடைபட்ட தொடக்கம்

சபர்மதி ஆசிரமத்தில் எழுதப்பட்ட அந்த முன்னுரை 1925 நவம்பர் 26ஆம் நாளைத் தாங்கியுள்ளது. அப்போது காந்தியடிகளுக்கு வயது 56. நெருங்கிய தொண்டர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி, அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவர் எழுதத் தொடங்கியிருந்தார். முதல் தாள் முடிவதற்குள் பம்பாயில் கலவரம் மூண்டது, எழுத்து நின்றது. 1922 மார்ச்சில் ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று எரவாடா சிறைக்குச் சென்றார். சுயசரிதையை எழுதி முடிக்குமாறு அங்கே உடனிருந்த ஜெயராம்தாஸ் வற்புறுத்தினார். ஆனால் சிறைவாசத்திற்கென வகுத்துக்கொண்ட படிப்பைக் கைவிட அடிகள் இசையவில்லை. 1924 பிப்ரவரியில் விடுதலையான பின்னர், சுவாமி ஆனந்த் மீண்டும் அதே வேண்டுகோளை முன்வைத்தார். தனி நூல் எழுத ஓய்வு ஏது? ‘நவஜீவன்’ இதழுக்கு வாரந்தோறும் ஏதேனும் எழுதித்தான் ஆகவேண்டும். அதுவே சுயசரிதையாக இருக்கட்டுமே என்று அடிகள் முடிவு செய்தார். இவ்வாறு 1925 முதல் 1929 வரை, ஓயாத பணிகளுக்கிடையே, வாரம் ஓர் அத்தியாயமாக அந்நூல் உருப்பெற்றது.

நண்பர் எழுப்பிய ஐயம்

எழுதுவதென்று முடிவான பின்னும் ஒரு தடை வந்தது. தெய்வபக்தி மிக்க நண்பர் ஒருவர், அடிகள் மௌனம் காக்கும் திங்கட்கிழமையன்று வந்து, தம் ஐயங்களைத் தெரிவித்தார். சுயசரிதை எழுதுவது மேலைநாட்டார் வழக்கம் அன்றோ என்பது முதல் ஐயம். அடுத்தது அதனினும் ஆழமானது. இன்று கொள்கையென நம்பி எழுதுவதை நாளை நீங்களே கைவிட நேர்ந்தால், உங்கள் சொல்லை நம்பி நடந்தவர்களின் கதி என்ன? ஆகவே இப்போதைக்கேனும் எழுதாதிருப்பது நலம் அன்றோ?

இந்த வினா தம்மைச் சற்று அசைத்தது என்பதை அடிகள் மறைக்கவில்லை. தம் எண்ணத்துக்கு எதிரான ஒன்றை முதல் பக்கத்திலேயே அவர் பதிவு செய்தார். நூலைப் படிக்கப் புகுவோர் அனைவரும் அந்த ஐயத்தைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டியிருக்கிறது.

சோதனை என்ற சொல்

நண்பருக்கு அடிகள் அளித்த விடை, நூலின் பெயரிலேயே அடங்கியுள்ளது. குஜராத்தி மூலத்தில் ‘சத்தியத்தின் பிரயோகங்கள்’ என்பது முன்னும், ‘அல்லது சுயசரிதை’ என்பது பின்னும் நிற்கின்றன. தாம் எழுத முற்பட்டது முறையான சுயசரிதை அன்று என்றும், சத்தியத்தை நாடித் தாம் செய்த பல சோதனைகளின் வரலாறே என்றும் அடிகள் விளக்குகிறார். தம் வாழ்வில் அந்தச் சோதனைகளைத் தவிர வேறொன்றும் இல்லாமையால் அவ்வரலாறே சுயசரிதையாக அமைந்துவிடுகிறது என்பது அவர் கருத்து.

தமிழில் ‘சோதனை’ என்ற சொல் இரு பொருள் தருவது. ஆய்வுக்கூடத்தில் செய்வதும் சோதனை. இறைவன் அடியவருக்கு வைப்பதும் சோதனை. இரண்டுமே இந்நூலுக்குப் பொருந்துகின்றன. விஞ்ஞானி மிகுந்த கவனத்தோடும் நுட்பத்தோடும் ஆராய்கிறார். ஆயினும் தம் முடிவே இறுதியானது என்று உரிமை கொண்டாடுவதில்லை. அடிகளும் தம் சோதனைகளுக்கு அதற்கு மேற்பட்ட தகுதியைக் கோரவில்லை. தாம் நாடுவது ஆன்ம தரிசனம், மோட்சம் என்று தெளிவாகக் கூறும் அவர், அதனை இன்னும் அடைந்துவிடவில்லை என்பதையும் உடன் கூறுகிறார். சத்தியமே தாம் வழிபடும் கடவுள், தேடல் தொடர்கிறது. தம் சோதனைகளை எடுத்துக்காட்டுகளாகக் கொண்டு, ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கும் ஆற்றலுக்கும் ஏற்பத் தம் சோதனையைச் செய்துகொள்ளட்டும் என்பதே அவர் வேண்டுகோள். இவ்வேண்டுகோளை மனத்தில் இருத்துபவர், அடிகள் நாளை மாறினாலும் வழி தவற மாட்டார். ஏனெனில் அவர் பின்பற்றுவது தேடும் முறையை.

தன்னை நிறுத்த ஒரு தராசு

முன்னுரை மற்றொன்றையும் செய்கிறது. எழுதியவரை எடைபோடும் தராசை வாசகரிடமே கொடுத்துவிடுகிறது. சத்தியத்தை நாடுபவர் காலடித் தூசியினும் பணிவுடையவராக வேண்டும். தம் எழுத்தில் செருக்கின் சாயல் தென்பட்டால் தம் தேடலில் பழுதுள்ளது என்று கொள்ளுமாறு அடிகள் கூறுகிறார். தம்மைப் போன்ற குறையுள்ள மனிதரை அளப்பதற்காகச் சத்தியத்தின் அளவுகோலை மயிரிழையும் குறைத்துவிடலாகாது என்கிறார். முடிவில் பக்தகவி சூர்தாசரின் வாக்கைக் கடன்வாங்கித் தம் குறைகளை எண்ணி இரங்குகிறார்.

இவை வெறும் அவையடக்கமா என்று ஐயுறுவோருக்கு நூலே விடை தருகிறது. பதினைந்து வயதில் தமையனாரின் தங்கக் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடியதையும், அதனை எழுதித் தந்தையாரிடம் கொடுத்தபோது அவர் கண்ணீர் வடித்துத் தாளைக் கிழித்ததையும் அடிகள் விவரிக்கிறார். அது சிறுவயதுப் பிழை. முதிர்ந்த வயதின் நிகழ்ச்சியோ இன்னும் கூர்மையானது. பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டிருந்த அவர், 1918இல் நோயுற்று மரணத்தின் விளிம்பு வரை சென்றார். விரதம் எடுத்தபோது பசும்பாலும் எருமைப்பாலுமே மனத்தில் இருந்தன என்பதால் ஆட்டுப்பால் அருந்தலாம் என்று கஸ்தூரிபா யோசனை கூறினார். உயிர் வாழும் ஆவல் வென்றது, அடிகள் இசைந்தார். விரதத்தின் சொல்லைக் காத்துப் பொருளைக் கொன்றுவிட்டதாக அவர் பின்னர் எழுதினார். அந்த நினைவு தம்மை வருத்துவதையும் மறைக்கவில்லை. சாதகரின் உள்ளம் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் நுட்பத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

காலம் தந்த விடை

நண்பர் அஞ்சியபடி அடிகளின் கருத்துகள் மாறியதும் உண்டு. கடவுளே சத்தியம் என்று நெடுங்காலம் கூறிவந்தவர், பின்னர் சத்தியமே கடவுள் என்று கூறலானார். 1931 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அந்த மாற்றத்தை விளக்கியும் உரைத்தார். இறைவனை மறுப்போர் உண்டு. சத்தியத்தை மறுப்போர் இலர் என்பதே அதன் கருத்து. 1933 ஏப்ரலில் ‘ஹரிஜன்’ இதழில், ஒரே பொருள் பற்றித் தாம் எழுதிய இரண்டு கருத்துகள் முரண்பட்டால் பிந்தியதையே கொள்ளுமாறு வாசகருக்கு அறிவுறுத்தினார். மௌன நாளில் எழுந்த வினாவுக்கு எட்டாண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை என்றே இதனைக் கொள்ளலாம். மாற்றத்தை மறைத்தால்தான் பின்தொடர்வோர் வழி தவறுவர். வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அவர்களும் உடன் தேடுகிறார்கள்.

நூலின் இறுதி அத்தியாயத்திலும் அதே குரல் ஒலிக்கிறது. தொடக்கத்தில் தூசியினும் பணிவு வேண்டும் என்றவர், முடிவில் தம்மைச் சுழியாக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார். ஐந்து பாகங்களைக் கடந்து வந்த பின்னும் வழி இன்னும் எஞ்சியிருப்பதாகவே அவர் உணர்கிறார்.

நமக்கு உரிய பாடம்

நம்பிக்கை என்பது எல்லாம் அறிந்துவிட்டோம் என்ற உறுதிப்பாடு அன்று. காணாததை நாடி, தவறும்போது ஒப்புக்கொண்டு, மேலும் நடப்பதற்கான துணிவே நம்பிக்கை. நாட்குறிப்பு எழுதும் சாதகர் தம் வெற்றிகளை மட்டும் குறித்தால் அது விளம்பரமாகிவிடும். சறுக்கியதையும் குறித்தால் சாதனையாகும். பெரியோரின் சொல்லைப் போற்றுவதோடு நில்லாமல், அவர்கள் எவ்வாறு தம்மைச் சோதித்துக்கொண்டார்கள் என்பதைக் கற்பதே உண்மையான வழிபாடு.

சிந்தனைக்கு

1. என் கருத்தை மறுப்பவரின் வினாவை, அடிகளைப் போல் முதல் பக்கத்தில் வைக்க என்னால் இயலுமா?

2. நான் ஏற்ற விரதங்களில் சொல்லைக் காத்துப் பொருளைக் கைவிட்டது எது?

3. என் சாதனையில் செருக்கு புகுந்தால் அதைச் சுட்டிக்காட்டும் உரிமையை யாருக்கு அளித்திருக்கிறேன்?