கூகுள்லயே போட்டிருக்கு!

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சித்திரை வெயிலில் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. கம்பெனி பெயரோடு ‘கஸ்டமர் கேர் நம்பர்’ என்று போனில் தட்டி, முதலில் வந்த எண்ணை அழைத்தார். மறுமுனையில் பணிவான குரல். பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்தான் சார், அதற்கு இந்த ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள் என்றது. அது போன் திரையை அப்படியே எதிராளிக்குக் காட்டும் ஆப். பத்து ரூபாய்க்குப் பின்னாலேயே கணக்கில் இருந்த பதினெட்டாயிரமும் போனது. காவல் நிலையத்தில்கூட மாமா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: “கூகுள்லயே போட்டிருந்ததே!”

அந்தப் ‘போட்டிருந்தது’ என்ற சொல்லில்தான் கோளாறு. கூகுள் எதையும் போடுவதில்லை. யாரோ போட்டதை எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நம்பிக்கை: முதலில் வருவதுதான் சரியான பதில்.

உண்மை: லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த சரக்கு ஓர் எளிய யோசனை. ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவை எப்படிப்பட்டவை என்று பார்த்து வரிசைப்படுத்துவது. பிறகு எத்தனையோ கணக்குகள் அதோடு சேர்ந்துவிட்டன. எல்லாம் சேர்ந்தும் அளப்பது பொருத்தத்தையும் செல்வாக்கையும்தான். உண்மையை நேராக நிறுக்கும் தராசு அதனிடம் இல்லை. போதாததற்கு, உச்சியில் வரும் சிலவற்றின் தலையில் ‘ஸ்பான்சர்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். காசு கொடுத்துப் பிடித்த இடம் அது. இப்போது எல்லாவற்றுக்கும் மேலே செயற்கை நுண்ணறிவின் சுருக்கம் வேறு. 2024இல் அமெரிக்காவில் அது அறிமுகமான புதிதில், பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் பசை சேர்க்கச் சொன்னது. யாரோ எப்போதோ எழுதிய நக்கலை அது நிஜமென்று எடுத்துக்கொண்டிருந்தது.

கஸ்டமர் கேர் எண்ணைத் தேடவே வேண்டாம். பில்லிலும் வாரண்டி அட்டையிலும் இருக்கிறது. வங்கியின் உதவி எண் ஏடிஎம் அட்டையின் முதுகிலேயே இருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைப் பாதி வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. மாமா மூன்றாம் நாள்தான் சொன்னார்.

நம்பிக்கை: பத்து இடத்தில் இருக்கிறது, பொய்யாக இருக்குமா?

உண்மை: திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும்போது நாசாவின் செயற்கைக்கோள் மூன்று விநாடி நின்றுபோகிறது என்ற கதை உங்கள் குடும்பக் குழுவுக்கும் வந்திருக்கும். ‘திருநள்ளாறு செயற்கைக்கோள் நிற்கும் ரகசியம்’ என்று தேடிப் பாருங்கள். ரகசியம் கொட்டும். நீங்கள் கேட்டதே ரகசியத்தைத்தானே? கேள்விக்குள் பதிலை ஒளித்து வைத்துத் தேடினால், ஒளித்து வைத்ததுதான் கையில் வரும். அதே தேடலில் ‘வதந்தி’ என்றோ ‘உண்மை சரிபார்ப்பு’ என்றோ ஒரு சொல் சேருங்கள், வேறு ஊருக்கே போய்விடுவீர்கள்.

இன்னொரு வேலையும் செய்யலாம். அந்தப் பதிவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். அதே சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்களைத்தான் கூகுள் தேடும். இத்தகைய கதைகளில் வாக்கியம் மட்டுமல்ல, எழுத்துப்பிழைகூட இடம் மாறாமல் இருக்கும். பத்துப் பேர் சாட்சி சொல்லவில்லை. ஒருவர் சொன்னதை ஒன்பது பேர் நகலெடுத்திருக்கிறார்கள். அப்புறம் மூலத்துக்கே போகவேண்டியதுதான். ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நாசாவின் தள முகவரியைச் சேர்த்துத் தேடினால் அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடலாம். நாசா பெயரில் ஓடும் சேதியை நாசாவிடமே கேட்பதுதானே முறை?

தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கும் மேல். கதை சொல்லும் அந்த மூன்று விநாடிக்குள் அது நாகப்பட்டினத்தையே தாண்டியிருக்கும். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. ஆனால் அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுபவை. திருநள்ளாறோ நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 11 பாகை. சனி பகவானுக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு என்பது தனிக் கேள்வி.

நம்பிக்கை: படமே இருக்கிறதே!

உண்மை: தீபாவளி இரவில் விண்ணிலிருந்து தெரிந்த இந்தியா என்று பல நிறங்களில் ஒளிரும் படம் ஆண்டுதோறும் வரும். 1992 முதல் 2003 வரை நகர வெளிச்சம் எப்படிப் பரவியது என்று காட்ட அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் சேர்த்துச் செய்த படம் அது. நிறங்கள் ஆண்டுகளைக் குறிப்பவை. 2012இல் நாசாவே தீபாவளிச் சமயத்து நிஜமான இரவுப் படத்தை வெளியிட்டு இதை விளக்கியது. அதில் வாணவேடிக்கையெல்லாம் இல்லை, வழக்கமான தெருவிளக்குகள்தான். படத்தைக் கூகுள் லென்ஸில் கொடுத்தால் அது இதற்கு முன் எங்கெங்கே வந்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நம்பிக்கை: தளத்தைப் பார்த்தாலே நம்பகமானதா என்று தெரியும்.

உண்மை: ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்துப் பார்த்தார்கள். 10 பேர் வரலாற்று அறிஞர்கள், 25 பேர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், 10 பேர் தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள். அறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் பக்கத்தை மேலிருந்து கீழே கவனமாகப் படித்தார்கள். பலர் லச்சினையிலும் முகவரியின் வாலிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. சட்டென்று வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். பெண் பார்க்கப் போகும் வீட்டைப் பற்றித் தெருமுனைக் கடையில் விசாரிக்கும் நம்மூர் வழக்கம்தான். ‘டாட் ஆர்க்’ முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பூட்டுப் படம் இருந்தால் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று பொருள். மறுமுனையில் இருப்பவர் திருடர் இல்லை என்று பொருள் இல்லை.

நம்பிக்கை: இணையத்தில் இல்லையென்றால் எங்கும் இல்லை.

உண்மை: தமிழில் தேடுபவருக்கு இதுதான் பெரிய பள்ளம். ‘சுகர்’ என்று தேடினால் வருவது வேறு, ‘சர்க்கரை நோய்’ என்றால் வேறு, ‘நீரிழிவு’ என்றால் வேறு. ஈழத்து எழுத்தில் ‘சலரோகம்’ என்றுகூட இருக்கும். ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் ஏராளம். நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை, தேடலில் சிக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஈழத்து நூலகம் திட்டமும் வருடி ஏற்றிய பழைய நூல்களில் பல, படமாகத்தான் இருக்கின்றன. உள்ளே இருக்கும் வரி கூகுளுக்குப் பெரும்பாலும் தெரியாது. நூலின் பெயரையும் ஆசிரியரையும் கொண்டு அந்தத் தளங்களுக்குள் தேடவேண்டும்.

பழைய மாத இதழ்க் கட்டுரை ஒன்றுக்காக ஒரு வாரம் இப்படித் தேடி அலுத்து, கடைசியில் ஒரு நூலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்த வருஷம்னு சொல்லுங்க, எடுத்து வைக்கிறேன்” என்றார்.