ஃபோனில் ஓடாத விளையாட்டு

மாமல்லபுரம் அருகே கடலோரப் பள்ளியில் பணியாற்றுகிறேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. காரணம் கேட்டேன்.

"புது கேம் எதுவும் என் ஃபோன்ல ஓடல டீச்சர். வலை இழுக்கப் போனா வேற ஃபோன் வாங்கலாம்."

நான் கண்டிக்கவில்லை. வகுப்புத் தரையில் சுண்ணக்கட்டியால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வரைந்தேன். 3 புலி, 15 ஆடு. புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் காய்கள். புலியை அடைக்கும் வழிகளைக் குழுவாகக் குறிப்பெடுத்தனர்.

அடுத்து, பள்ளிக் கணினியில் ஸ்கிராட்ச். 2007-இல் எம்.ஐ.டி. வெளியிட்ட இலவச மென்பொருள். நிரல் கட்டங்களை இழுத்து அடுக்கினால் போதும். விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அலையில் தப்பும் படகு விளையாட்டை அவனே உருவாக்கினான். நண்பர்கள் வரிசையில் நின்று ஆடினர்.

ஃபோன் ஆசை போய்விடவில்லை. ஆனால் அவன் தினமும் பள்ளிக்கு வருகிறான். உங்கள் வகுப்பிலும் முயன்று பாருங்கள்.