டைப் ரேட்டிங்குக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மகள் சிபிஎல் என்னும் வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டாள். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்கைச் சொந்தச் செலவில் முடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஏ320 ரேட்டிங் ஆகாசா ஏரின் போயிங் 737 மேக்ஸுக்கு உதவாது. எந்த நிறுவனம் எடுக்கும் என்று தெரியாமல் பல லட்சம் கட்டுவது, வரன் அமையுமுன் மண்டபம் பிடிப்பது போல. 2019இல் ஜெட் ஏர்வேஸும் 2023இல் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது, ரேட்டிங்கோடு அனுபவமும் இருந்த விமானிகளே வேலை தேடினார்கள். ஓட்டாமல் இருந்தால் ரேட்டிங் காலாவதியாகும். புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டர், மறுபடி செலவு. முதலில் விண்ணப்பிக்கட்டும், தேர்வுக்கும் நேர்காணலுக்கும் நன்றாகத் தயாராகட்டும். அறிவிப்பிலேயே ரேட்டிங் கட்டாயம் என்றிருந்தால், விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ ஏற்கும் மையமா என்று விசாரித்துச் சேருங்கள். வீட்டை மட்டும் அடகு வைக்காதீர்கள்.